யசோதா நின்ற வரிசை

என் தங்கை யசோதா பொம்மசந்திராவில் மாத்திரை அடைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறாள். எங்கள் வீட்டில் பத்தாவது பாஸ் செய்தது அவள் ஒருத்திதான். அட்டையில் ஒரு மாத்திரை குறைந்தாலும் கையில் எடுத்ததும் சொல்லிவிடுவாள். அக்காக்காரி பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உண்மை அதுதான்.

பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய அடுக்குமாடி இருக்கிறது. அதன் வாசலுக்கு எதிரில்தான் என் இஸ்திரி வண்டி. கம்பெனி பஸ் வருடக்கணக்காக அந்த வாசலில் நின்று யசோதாவையும் தெருப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் நரேஷ் சாருக்கு அது பொறுக்கவில்லை. நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் காலையில் கும்பலாக நின்றால் கட்டடத்தின் மதிப்பு குறைகிறதாம். கம்பெனிக்கு எழுதிப் போட்டார். நிறுத்தம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பஸ் இன்னமும் இதே வாசலைத் தாண்டித்தான் போகும், ஆனால் நிற்காது.

யசோதா போய்க் கேட்டபோது, "கொஞ்சம் நடந்தா என்னம்மா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்றார். அவர் கீழே இருக்கும் காருக்கே லிஃப்டில் போகிறவர்.

எங்கள் தெருக் குழாயில் விடிந்தபிறகுதான் தண்ணீர் வரும். குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, லாரிகளுக்கு நடுவில் மெயின் ரோட்டைக் கடந்து ஓடினால், அவள் கண்ணெதிரிலேயே ஆறரை மணி பஸ் கிளம்பும். இரண்டு முறை அப்படி ஆயிற்று. மூன்றாவது முறையும் விட்டால் வேலைக்கு வரவே வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் வேக ரயில் வந்தது. ரயில் வரவில்லை; பயம் வந்தது. யாரோ வாட்ஸாப்பில் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார்கள். அதில் ஊர் ஊராகச் சிவப்புக் கோடு ஓடியது, பெங்களூரை மட்டும் தொடவில்லை. யார் வரைந்த படம் என்று ஒருவரும் கேட்கவில்லை. துணி வாங்க வந்தவர்கள் எல்லாம் கல்யாணப் பந்தியில் இலை கிடைக்காதவர்கள் மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள். ஹைதராபாத்துக்கு இரண்டு மணி நேரத்தில் போக முடியாதாமே என்று ஒரு அம்மா கண் கலங்கினார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லையாம்.

நரேஷ் சார் மனிதச் சங்கிலி நடத்த முடிவு செய்தார். பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருவதாகவும் ஏற்பாடு. சங்க உறுப்பினர்கள் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தி ஆதரவு கொடுத்தார்கள், போனில். ரோட்டில் வந்து நிற்க ஆள் இல்லை. அதனால் நேராக என் வண்டிக்கு வந்தார். யசோதாவும் அங்கே இருந்தாள்.

"யசோதாம்மா, உங்க ஃபேக்டரி லேடீஸ் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை எட்டு மணிக்கு. தொப்பி, டிபன் எல்லாம் உண்டு."

"எங்க ஸ்டாப்பு திரும்பி வருமா சார்?"

"அது சின்ன விஷயம்மா. இது நம்ம சிட்டியோட ஃப்யூச்சர்! புல்லட் ட்ரெயின் நம்மள விட்டுட்டுப் போலாமா?"

"போவக் கூடாதுதான் சார். ஆனா எட்டு மணிக்கு நாங்க வேலைல இருப்போம். ஆறரைன்னா வர்றோம்."

அவர் யோசித்தார். "ஆறரை... ஓகே, லைட் நல்லாருக்கும்."

"எங்க நிக்கணும்?"

"கேட்டு முன்னாடியே. பில்டிங் பேரு போட்டோல விழணும்."

அவர் போனதும் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "ஏன்டி, ஆறரைக்கு இங்க நின்னா அங்க பஸ்ஸ யார் பிடிக்கிறது? வேலையே போயிடும்டி."

"ஒருத்தியா நின்னாதான்க்கா பஸ்ஸு நிக்காது. பன்னண்டு பேரு நீலக் கோட்டோட வரிசையா நின்னா, டிரைவரு ரகு அண்ணன் காலு தானா பிரேக்குக்குப் போவும்."

"போவலன்னா?"

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பெண்களும் தோளில் சாப்பாட்டுப் பையோடு, தலையில் சங்கம் கொடுத்த வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார்கள். அடுக்குமாடியிலிருந்து இறங்கியது நரேஷ் சாரும், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு ரிடையர்டு பெரியவரும். நாய்க்கும் தொப்பி உண்டு. பத்திரிகைக்காரர் கேட்டதற்கு நரேஷ் சார் மார்பை நிமிர்த்திச் சொன்னார்: "எந்த வண்டியும் எங்க மக்களைத் தாண்டிப் போகக் கூடாது."

நான் துண்டை மடிப்பதுபோல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. வேகம் குறையவில்லை. வாசலைப் பாதி தாண்டியும்விட்டது. என் கையில் துண்டு கசங்கியது. அப்புறம் ஒரு கிறீச்.

டிரைவர் ரகு ஆனேக்கல்காரர். ஜன்னலில் தலையை நீட்டி, "ஸ்டாப்பு மறுபடி இங்கதானா?" என்றார்.

"ஆமாண்ணா! சங்கத்து சாரே கூப்பிட்டு நிக்க வெச்சிருக்காரு. கேட்டுக்கோங்க," என்றாள் யசோதா.

நரேஷ் சார் அப்போது போனைத் தூக்கிப் பிடித்து, நெருங்கி நில்லுங்கள் என்று கையை வீசித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரகுவுக்கு அது போதும். "ஹத்தி, பேக ஹத்தி!" என்று கன்னடத்தில் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கதவைத் திறந்தார். சங்கிலி அப்படியே வளைந்து பஸ்ஸுக்குள் ஏறியது. தொப்பிகளும் போயின.

"ஏய், போட்டோ! இன்னும் போட்டோ எடுக்கல!" என்று நரேஷ் சார் கத்தினார்.

யசோதா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "டூட்டிக்கு லேட்டாவுது சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!"

மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். கம்பெனி பெயர் பளிச்சென்று தெரிந்தது. கீழே நரேஷ் சார் சொன்ன வாக்கியம். கம்பெனிக்காரர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சங்கமே கேட்டுக்கொண்டதாக ரகுவும் போய்ச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து பஸ் வாசலிலேயே நிற்கிறது.

நரேஷ் சார் சட்டை வாங்க வந்தபோது கடுகடுவென்று இருந்தார். "யார் கேட்டு இந்த ஸ்டாப்ப இங்க போட்டாங்க?"

சட்டைகளை அந்தப் பேப்பரில்தான் சுற்றி வைத்திருந்தேன். படம் மேலே தெரியும்படி அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்கதான் சார்."

அவருடைய ரயிலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என் தங்கை மட்டும் தினமும் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு, தலை வாரி, நிதானமாக நடந்து போய் வாசலில் நிற்கிறாள்.