ஏஐக்கு ஆயில் லெவல் ஓகே

கார் பாகங்களுக்குத் தகடு வளைக்கும் எங்கள் ஒரகடம் பிரஸ் ஷாப்பில் இன்று கஸ்டமர் கம்பெனியின் ஆடிட். ஏஐ பாலிசி இல்லையென்றால் புது ஆர்டர் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

பாலிசியை நான்தான் எழுதினேன். ஒரே விதி: ஏஐ தரும் பதில்களைத் தினமும் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் வந்தால், என் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு செக் ஷீட் தொங்குகிறது. சூப்பர்வைசர் ஏகாம்பரம் அண்ணன் வேலை.

“இன்னாண்ணே இது, ஆயில் லெவல் ஓகேன்னு போட்டிருக்கு?”

“பிரஸ் மெஷின் ஷீட்டும்மா. மேல பேரை மட்டும் மாத்திட்டேன்.”

“இன்னிக்கு பன்னெண்டாம் தேதி. முப்பது வரைக்கும் சைன் போட்டுட்டீங்களே?”

“காலியா வுட்டா ஆடிட்டர் கேப்பாரும்மா.”

ஆடிட்டர் அந்த ஷீட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். ஆர்டர் போச்சு என்று நினைத்தேன்.

“எமர்ஜென்சி ஸ்விட்ச் ஓகேன்னு இருக்கு. எங்க, காட்டுங்க.”

அண்ணன் குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்கிரீன் அணைந்தது.

ஆடிட்டர் “குட்” என்று எழுதிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

ஏஐயிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் முப்பதாம் தேதிக்குள் கமென்ட்டில் போடுங்கள். அதுவரை வரப்போகும் எல்லாப் பதில்களையும் நாங்கள் சரிபார்த்தாகிவிட்டது.