போடாத மலருக்கு ஒரு கண்டனம்

கடல் நடுவே எங்கள் தீவில், மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் நாங்கள் நாலு பேர், அரசாங்க குமாஸ்தாக்கள். மீசை நரைக்கிற வயதில் ராக்கெட் சித்திரக்கதைப் பத்திரிகைக்கு அடிமை. மெட்ராஸ் கப்பலில்தான் அது வரும். கப்பல் இரண்டே நாளில் திரும்பிவிடும். அதற்குள் கடிதம் தபால் பையில் ஏறாவிட்டால், அடுத்த கப்பலுக்குள் எங்கள் கோபம் ஆறிப்போகும். அதனால் தீபாவளி மலரைத் திட்டும் கடிதத்தைக் கப்பல் வருமுன்பே எழுதி வைத்துவிடுவோம்.

அந்த வருஷமும் அப்படித்தான். “கதை ஏக்தம் பேக்கார், குப்பை. செவ்வாய்க் கிரகம் போன வருஷத்துப் படம்” என்று எங்களில் மூத்தவரான ஹெட்கிளார்க் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கப்பல் வந்த அன்றே கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, பார்சலைப் பிரித்தோம். உள்ளே வழக்கமான இதழும் ஒரு துண்டுச் சீட்டும்தான் இருந்தன. காகிதத் தட்டுப்பாட்டால் இந்த வருஷம் மலரே போடவில்லையாம்.

வெட்கத்தில் நான் அந்தப் பத்திரிகையையே கொஞ்ச நாள் தொடவில்லை. இரண்டு கப்பல் கழித்து வந்த இதழில் எங்கள் கடிதம் அச்சாகியிருந்தது. கீழே ஆசிரியரின் பதில்: ‘மலரில் நேர்ந்த குறைகளுக்கு வருந்துகிறோம்.’

ஹெட்கிளார்க் மீசையைத் தடவிக்கொண்டார். “பாத்தீரா, நாம போட்ட போடுல ஆள் ஆடிப்போயிட்டான்!”