கடவுள் நீட்டிய கை

அண்மையில் வந்த தன்வரலாறுகளில் படிக்கத்தக்கவை எவை என்று எங்கள் மெர்கோங் வாசகர் வட்டச் செயலாளர் வாட்ஸ்அப் புலனத்தில் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவனுக்கு வேலை கொடுப்பதைப் புண்ணியமாக நினைக்கும் மனிதர். நம்மவர்களுக்கு முன்பெல்லாம் வயதானால் சர்க்கரை நோய் வரும். இப்போது தன்வரலாறும் சேர்ந்து வருகிறது. என் மேசையில் மட்டும் மூன்று கிடக்கின்றன.

முதல் புத்தகத்தில் பாதி, அமைச்சர்களோடு எடுத்த படங்கள். மீதிப் பாதி, அந்தப் படங்களுக்கான விளக்கம். இரண்டாவது, முறைப்படி தன்வரலாறு ஆகாது; ஓர் ஆசிரியரைப் பற்றி அவர் மகள் எழுதியது. அப்பா கஞ்சன், முன்கோபி, வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரோடு சாகும்வரை பேசாதவர் என்று மகளே எழுதியிருக்கிறாள். அதை வாங்கிப் படியுங்கள். மூன்றாவதைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

அதைப் பிரித்ததும் புதுப் பசையின் வாடை அடித்தது. அது என்னை நேராகப் பாடாங் மேஹா பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்துப் பால் ஸ்டோருக்குக் கொண்டுபோய் விட்டது. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் திராவகத்தின் காரமும் ஒட்டுப்பாலின் நாற்றமும் கலந்து பள்ளிச் சட்டையில் ஏறிவிடும். டவுன் பள்ளியில் சேர்ந்தபோது பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இடம் எப்போதும் தாராளமாக இருந்தது. அதே தோட்டத்தைப் பற்றி நூலாசிரியர், ‘பாலின் நறுமணம் கமழும் காலைகள்’ என்று எழுதியிருக்கிறார். அவர் பெரிய கிராணியின் மகன். அலுவலகத் தலைமை எழுத்தருக்கு உரிய மரியாதையோடு அவர்கள் வீடு மேட்டில், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடத்தில் இருந்தது. இப்போது அரசுப் பட்டம் பெற்று டத்தோ குணாளன். அப்போது எங்களுக்குக் குணா. என்னைவிட ஒரு வகுப்பு கீழே.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு குளம். பிள்ளைகள் அங்கே போகக் கூடாது என்பது தோட்டத்து விதி, அதனால் போவோம். ஒருநாள் குணா பாசியில் வழுக்கி உள்ளே போய்விட்டான். நாங்கள் கரையில் நின்று கத்தினோம். அந்த வேலையில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி. ஸ்டோரிலிருந்து ஓடி வந்து குதித்தவர் கருப்பையா அண்ணன். உறைந்த ரப்பர்ப் பால்கட்டியை அழுத்தும் மெஷினில் வலது கை விரல் ஒன்றைப் பறிகொடுத்தவர். அந்தக் கையால்தான் குணாவின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டு, ஓர் அறை விட்டார். அப்புறம்தான் வயிற்றை அமுக்கினார்.

“டேய் கிராணி மவனே, தொர பங்களா நீச்ச கொளம்னு நெனச்சியா?”

சேதி கேட்டு இறங்கி வந்த பெரிய கிராணி முதலில் கேட்டது இது: “மெஷின ஓட விட்டுட்டு வந்திருக்கியே கருப்பையா, யாரு பாத்துக்குவா?” மகன் பக்கத்தில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தான்.

நூல் வெளியீட்டுக்குப் போனேன். நம் வெளியீடுகளின் முறை உங்களுக்குத் தெரியும். முதல் நூலை ஒரு பெரிய மனிதர் வாங்குவார். பிறகு எல்லோரும் அன்பளிப்பு உறையோடு வரிசையில் மேடையேறி, நூலாசிரியர் கையால் ஒன்றைப் பெற்று, படத்துக்கு நின்று, மறுபக்கம் இறங்க வேண்டும். நில அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். அங்கேகூட வரிசை இவ்வளவு ஒழுங்காக நகர்ந்ததில்லை. எனக்கு முன்னால் அஞ்சலை அக்கா நின்றார். கருப்பையா அண்ணனின் மனைவி. பேரன் காரில் செர்டாங்கிலிருந்து வந்திருந்தார்.

மேடையில், “தம்பி, நான் கருப்பையா சம்சாரம்” என்றார்.

“வாங்கம்மா, வாங்கம்மா. கேமராவ பாருங்க” என்றார் டத்தோ.

கீழே இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவரு பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாரு தம்பி. எனக்குக் கண்ணு தெரியல, பேரனுக்குத் தமிழு தெரியல. தோட்டத்துச் சுடுகாட்டையும் பொரட்டிட்டானுங்க, அவருக்கு வச்ச கல்லும் போச்சு. இதுலயாச்சும் இருக்கட்டும் லா.”

நாற்காலியில் உட்கார்ந்து தேடினேன். குளம் இருந்தது. பாசி இருந்தது. ‘மூழ்கிக்கொண்டிருந்த என்னை நோக்கிக் கடவுளின் கை நீண்டது’ என்று இருந்தது. அடுத்த பத்தியில் அவர் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டார். உள்ளபடியே படித்துக் காட்டினேன்.

அக்கா புத்தகத்தை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அந்தக் கையில நாலு வெரலுதான் தம்பி. சாமிக்குமா மெஷின்ல போச்சு?”

மறுநாள் டத்தோவைத் தொலைபேசியில் அழைத்தேன். அச்சான நூலில் தவறு இருந்தால் என்ன செய்வது என்பதை முறைப்படி விளக்கினேன். பிழைதிருத்தத் தாள் அச்சிட்டு உள்ளே வைக்கலாம், தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதிகளிலும் வைக்க வேண்டும், மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

“அண்ணே, இன்னும் கவர்மென்ட் ஆபீஸ்லயே இருக்கீங்க” என்று சிரித்தார்.

“ஒனக்கு ஞாபகம் இல்லியா குணா?”

“ஏன் இல்ல? அறைஞ்சாரே! ஆனா கருப்பையான்னு போட்டா யாருக்குண்ணே தெரியும்? கடவுள்னு போட்டா எல்லாருக்கும் தெரியும் லா.”

இதற்கு எந்த அலுவலகத்தில் மேல்முறையீடு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போன நடைமுறை இது ஒன்றுதான்.

அடுத்த வாரம் செர்டாங்கில் அக்கா வீட்டுக்குப் போனேன். பேனாவை எடுத்து அவருடைய பிரதியில் ‘கடவுளின்’ என்பதன் மேல் கோடு இழுக்கப் போனபோது அக்கா தடுத்தார்.

“சாமிய வெட்டாத. பக்கத்துல எழுது.”

ஓரத்தில் இடம் போதவில்லை. கருப்பையாவை இரண்டாக மடித்துத்தான் எழுத முடிந்தது. அக்கா விரலைக் கிட்டே கொண்டுபோய், “காஞ்சிருச்சா?” என்று கேட்டுவிட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

ஆகவே செயலாளருக்கு என் பரிந்துரை: மூன்றாவது நூலில் படிக்கத்தக்க பிரதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது செர்டாங்கில் இருக்கிறது, இரவல் தரமாட்டார்கள். மற்றவை விதிப்படி எண் பெற்று, குளிரூட்டிய அறையில், நாம் எல்லோரும் போன பிறகும் இருக்கும்.

அன்று அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது பாடாங் மேஹா பக்கம் காரை விட்டேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களின் இடத்தில் செம்பனை மரங்கள். ஸ்டோர் இல்லை. குளத்தில் மண்ணைக் கொட்டி மூடி, லாரிகளை நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு இருந்த நேப்பாளி இளைஞன் மலாயில் என்ன வேண்டும் என்று கேட்டான். இங்கே ஒரு குளம் இருந்தது என்றேன். குழாயிலேயே தண்ணீர் வருவதில்லை என்றான், என்னைப் பாவமாகப் பார்த்தபடி.

ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தேன். டீசல் வாடைதான் அடித்தது.