கிணறில்லாத மலைவீடு

யுத்தம் முடிந்த கையோடு வாப்பாவின் கருவாட்டு லொறி மலைநாட்டுக்கு ஓடத் தொடங்கியது. பண்டாரவளைக்குப் போய்ப்போய் அலுத்தவர், "அங்கேயே ஒரு வீட்டை வாங்கிப் போடுவம்" என்றதும் எங்கள் ஊரான எத்தாளையின் மணலில் என் கால் நிற்கவில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். கம்பளித் தொப்பியும் வாங்கியாயிற்று. அதை எங்கள் வெயிலில் போட்டுப் பார்த்துத் தலை வெந்தது வேறு கதை.

வீடு பார்க்கப் போன அன்றுதான் என் பொறுமை போனது. எங்கள் கரையில் வளவு வாங்குகிறவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள். உவர் என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை. மலையிலும் வாப்பா அதே பிடியில் நின்றார். முதல் வீட்டில், "கிணறு எங்க?" இரண்டாவது வீட்டிலும், "கிணறு எங்க?"

"நானா, இது மலை. ஊத்துத் தண்ணி குழாயில தானா வரும்" என்றார் தரகர் வாப்பாவிடம்.

"தானா வாறது தானா நிண்டா?"

குழாய் போன வழியே தேயிலைக்குள் ஏறி ஊற்றைத் தேடிப் போனார். அட்டை கடித்த காலோடு திரும்பி, "சரிவராது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது வீடு மஞ்சள் நிறம். ஜன்னலைத் திறந்தால் கீழே மேகம். வாப்பா குழாயில் ஒரு மிடறு குடித்து, "சீனி போட்ட மாதிரி இருக்கு" என்று ஒருவழியாக இறங்கிவந்தார். என் அறை எது என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன்.

அதுவரை வாய் திறக்காத உம்மா குசினியிலிருந்து கேட்டார்: "இதைக் கட்டினவங்க மனம் பொருந்தித்தான் குடுத்தாங்களா?"

தரகர் சிரித்தார். "அவங்க கலவரத்துல சோத்தை அடுப்புலயே விட்டுட்டு ஓடின ஆக்கள், ராத்தா. இப்ப எங்கயோ. நீங்க யோசிக்காதீங்க, உறுதிப் பத்திரம் சுத்தமா இருக்கு."

"அவங்கட பொருத்தம் இல்லாம இந்த அடுப்பை நான் பத்த வைக்க மாட்டன்."

ஊற்றுவரை ஏறிப் பார்த்த வாப்பா, அதைக் கேட்டதும் வாடகை வானுக்குள் போய் ஏறிக்கொண்டார்!

"ஓடினவங்க திரும்பியா வரப்போறாங்க?" என்று வழி நெடுகக் கத்தினேன். உம்மா என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

உம்மா சிறுமியாக இருந்தபோது யுத்தத்தில் விரட்டப்பட்டு, மன்னாரில் பிறந்த வீட்டை ஒரே நாளில் விட்டு வந்தவர். அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். மன்னாருக்குப் போய்வருகிற எவரிடமும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எங்கட கிணத்துத் தண்ணி இன்னும் இனிக்குதா?"

வாப்பாவைப் போல உம்மாவுக்கும் தண்ணீர்ப் பைத்தியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.