பதுக்கல்காரம்மாவின் நாலாவது புள்ளி

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் பதுக்கல்காரம்மா. மூட்டை மூட்டையாகச் சாமான் பதுக்கியவள் அல்ல. அவள் பதுக்குவது கிரகங்களை.

விஷயம் இதுதான். புதிதாய்ப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டு மாதிரித் தூசி பரவிக் கிடக்கும். அதற்குள் ஒரு கிரகம் உருவானால், தான் ஓடுகிற தடத்தில் இருக்கிற தூசியை வாரித் தின்று பள்ளம் போட்டுவிடும். பள்ளம் தெரிந்தால் ஆள் உள்ளே இருக்கலாம். ஆனால் ஆளை நேரில் பார்க்க வேண்டுமே! நட்சத்திர வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். அதைக் கணினியில் கழித்துக் கழித்து எடுத்தால், மிச்சத்தில் நூறு பொய்ப் புள்ளிகள் மினுக்கும். எது கிரகம், எது கசடு என்று சொல்வதற்குள் ஆளுக்குத் தலை நரைத்துவிடும். அவள் புருஷனுக்கு நரைத்துவிட்டது. ஒன்பது வருஷமாகத் தேடுகிறவர் அவர்தான்.

அவர் தேடுகிற முறை சரிதானா என்று சோதிக்க அங்கே ஒரு வழக்கம். அவள் படத்தில் சில பொய்க் கிரகங்களை நட்டுவைப்பாள். எங்கே நட்டாள் என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நிலையத் தலைவரிடம் கொடுத்துவிடுவாள். புருஷன் தன் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். நட்டது போக அவர் பட்டியலில் ஒன்று மிஞ்சினால், அது நிஜக் கிரகமாக இருக்கலாம்.

புருஷனுக்குப் பெண்டாட்டியே நடுவதா என்று ஆரம்பத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு தடவை ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் அவர் திருதிருவென்று முழித்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

“ஒத்தைப்படையா, ரெட்டைப்படையா? அதை மட்டும் சொல்லும்மா,” என்று வீட்டில் கெஞ்சுவார்.

“பேசாம சாப்பிடுங்க.”

“கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. இதைக்கூடப் புருஷன்கிட்ட சொல்ல மாட்டியா?”

“கல்யாணத்துல இதுக்கும் சேர்த்தா வாக்குக் கொடுத்தேன்?”

இந்தத் தடவை எடுத்த நட்சத்திரத்துக்கு வயது ஐம்பது லட்சம் வருஷம். அவர்கள் கணக்கில் அது கைக்குழந்தை. உறையைப் பிரிக்கிற அன்று காலை, கூட்ட அறையில் எட்டுப் பேர். புருஷன் பட்டியலில் நாலு புள்ளி. தலைவர் உறையைக் கிழித்துத் தாளைப் படித்தார். அதில் மூன்று. மூன்றும் அச்சு பிசகாமல் பொருந்தின. நாலாவது தாளில் இல்லை.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“ஏம்மா... நீ மூணுதான் நட்டியா?” என்றார் புருஷன்.

“மூணுதான்.”

அவ்வளவுதான், அறை கலகலப்பாகிவிட்டது. பெரிய தொலைநோக்கியில் உடனே நேரம் கேட்கிறேன் என்று தலைவர் மேசைத் தொலைபேசியை எடுத்தார். கருவி மெக்கானிக் புருஷனின் முதுகில் தட்டினான். “அண்ணே, கிரகத்துக்கு அக்கா பேரையே வெச்சிடுங்க. இல்லேன்னா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க!”

புருஷன் ஊரிலிருக்கும் தன் அண்ணனுக்குச் சொல்லச் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினாள். நாலாவது புள்ளி நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் இருந்தது. அவள் நட்ட இரண்டாவது புள்ளி இடப்பக்கம். இரண்டுக்கும் ஒரே தூரம், ஒரே உயரம், கண்ணாடியில் பார்த்த மாதிரி.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

பூமி வரைபடத்தில் கிழக்கு வலப்பக்கம். வான வரைபடத்தில் இடப்பக்கம். அண்ணாந்து பார்த்து வரைவதல்லவா? நடுகிற அன்று அவள் ஏதோ நினைவில் கிழக்கென்று வலப்பக்கம் நட்டுவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்ப நட்டாள். பழையதைப் பிடுங்கப் போகிற நேரம் பார்த்துப் புருஷன் சாப்பாட்டு டப்பாவோடு கதவைத் தட்டினார். அவர் கண்ணில் படக்கூடாது என்பது விதி. அவசர அவசரமாகச் சேமித்துக் கணினியை மூடினாள். சாப்பிட்டு முடித்ததும் தாளில் மூன்று இடங்களை மட்டும் எழுதி உறையை ஒட்டினாள்.

எதுவும் நடாத படம் அவளிடம் பத்திரமாக இருந்தது. அதை ஓட்டிப் பார்த்தால் சாயங்காலத்துக்குள் குட்டு உடைந்துவிடும். உடைக்கிறதை இயந்திரமே உடைக்கட்டும், நான் ஏன் என் வாயால் சொல்ல வேண்டும், அதுவரைக்குமாவது இந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அதற்குள் புருஷன் செல்போனைக் காதில் வைத்துவிட்டார்.

“போனை வைங்க சார்,” என்றாள் தலைவரிடம். புருஷன் பக்கம் திரும்பி, “நீங்களும் வைங்க,” என்றாள். “நாலாவதும் நான் நட்டதுதான். கிழக்கை மாத்திப் போட்டுட்டேன். சரியா திரும்ப நட்டவ பழசைப் பிடுங்க மறந்துட்டேன்.”

தலைவர் தொலைபேசியைச் சத்தமில்லாமல் வைத்தார். மெக்கானிக் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்தான். புருஷன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “சரி,” என்றார். எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் சுத்தமான படம் வந்தது. பள்ளம் இருந்தது. புள்ளி இல்லை.

தினமும் பஸ் நிறுத்தத்துக்குச் சேர்ந்து நடக்கிறவர்கள். அன்று அவர் பத்தடி முன்னால் போனார். அவள் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“வேணும்னு செய்யலைங்க.”

“தெரியும்.”

“சாயங்காலம் வரைக்குமாவது விட்டிருக்கலாம்னு தோணுதா?”

“விட்டிருந்தா எங்க அண்ணன் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்பான். நான் வெளிய தலைகாட்ட முடியுமா?”

இரண்டு பஸ் போனது. அவர்கள் பஸ் வரவில்லை.

“ஏம்மா,” என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. “நட்டவளே மறந்துபோனதை நான் கண்டுபிடிச்சிருக்கேன்ல?”

அவள் திரும்பிப் பார்த்தாள். மனுஷன் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

“ஆமாங்க. ஒண்ணுவிடாம நாலும்.”

“அதை நாளைக்குத் தலைவர்கிட்ட நீயே சொல்லணும். நான் சொன்னா பீத்திக்கிறான்னுவாங்க.”

“சொல்றேன்.”

பஸ் வந்தது. அவளை முன்னால் ஏற்றிவிட்டு, ஜன்னலோர இருக்கையைக் காட்டினார். உட்கார்ந்த மறுநிமிஷமே, “அந்தப் பள்ளம் இருக்கு பாரு, அதோட உள்விளிம்பை நான் இன்னும் சரியா பார்க்கவே இல்ல,” என்று ஆரம்பித்துவிட்டார்.