எந்த வெல்லம்?

அந்த ஒற்றைப் பிழைச் செய்தி இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கறுப்புத் திரையின் அடியில் சிவப்பாக வந்து, வெள்ளம் என்ற பெயருக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன, சேர்க்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பிழைச் செய்தி வந்தால் கம்ப்யூட்டர் என்னை நாலு பேர் முன்னால் திட்டுகிறது என்றே நினைப்பேன். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில், பம்புக்கும் அடுப்புக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. எலப்புள்ளியிலிருந்து பஸ் ஏறும்போதே இன்றைக்கு எதில் மாட்டப்போகிறேனோ என்று படபடப்பு தொடங்கிவிடும். இப்போது அப்படியொரு வரி வந்தால் எனக்கு நிம்மதிதான். வாயைத் திறந்து சொல்லிவிட்டதே என்ற நிம்மதி. நான் இப்படி மாறியது மறையூர் அக்காவோடு உட்கார்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில்.

அக்கா என்றால் சொந்தம் இல்லை. எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், மறையூர்க்காரர், ஆபீசில் எல்லோருக்கும் அக்கா. அவருடைய அப்பா அங்கே ஒரு கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுகிறவர். கொப்பரையில் கொதிக்கும் பாகு எந்த நிறத்துக்கு வந்தால் அடுப்பிலிருந்து நெருப்பை இழுக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவந்த மனிதர். கண்ணில் புரை விழுந்த பிறகு நிறம் தெரியாமல் போய்விட்டது. பதம் தப்பினால் பாகு பொங்கி வெளியே வழியும். காலில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உதற முடியாது. அப்படி வெந்த கால்களை அக்கா சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார். அதனால் ஆலைக்காரரிடம் அவரே பேசி இந்த ஆர்டரை வாங்கினார். கொப்பரையின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் பெட்டி கத்த வேண்டும். அதே பெட்டி ஆலையின் தண்ணீர்த் தொட்டியையும் கவனித்துக்கொள்ள வேண்டும். கொப்பரைக்கான பகுதியை அக்கா எழுதினார், தொட்டிக்கானதை என்னிடம் கொடுத்தார். "எங்கப்பாவுக்கு இனிமே இதுதான் கண்ணு தம்பி, பாத்து எழுது" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பெரிய புரோகிராம் ஒன்றும் இல்லை, கல்லூரிப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். தன் பங்கை முடித்துவிட்டு அக்கா மறுநாள் லீவு போட்டார். அன்று எங்கள் இரண்டு பேருடைய கோப்புகளும் தனித்தனியாக ஒழுங்காகக் கம்பைல் ஆகி இயந்திர மொழிக்கு மாறின. கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனியாகத்தான் பார்க்கும், பக்கத்துக் கோப்பில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் கடைசியில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது லிங்கர். அதுதான் அந்தச் சிவப்பு வரியைத் துப்பியது. வாசலில் மறையூருக்குப் பெட்டியைக் கொண்டுபோகும் ஜீப் நின்றிருந்தது. நான் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். முதலாளி எழுந்து வந்தார். பாலக்காட்டு டவுனில் பழைய கோயில் தெருக்காரர், நல்ல மனிதர், பொறுமைதான் கிடையாது.

"ஏண்டா இப்படி வேர்த்துக் கொட்டறது? ரெண்டும் ஒரே வெள்ளம்தானேடா. ஒண்ணு இருந்தாப் போறும்."

"அக்கா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா சார்?"

"ஜீப்காரன் காத்துண்டிருக்கான். நகரு."

ஒரே பெயரில் இரண்டு இருந்தால் முதலில் வருவதை எடுத்துக்கொண்டு பேசாமல் இரு என்று லிங்கருக்கு உத்தரவு போட ஒரு வழி உண்டு. அவர் அதைத்தான் தட்டினார். சிவப்பு மறைந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, ஜீப் புறப்பட்டது. நான் போன உயிர் திரும்பியவனாகக் கேன்டீனுக்குப் போய்ப் பழம்பொரி தின்றேன்.

அடுத்த நாள் காலை அக்கா வந்து பையை வைத்ததும் வைக்காததுமாக, எல்லாம் சரியாக ஓடியதா என்று கேட்டார். வெள்ளம் என்ற பெயர் இரண்டு தடவை வந்து தகராறு செய்ததையும், முதலாளி அதை அடக்கியதையும் சந்தோஷமாகவே சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"எந்த வெல்லம்?" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் தண்ணீரைத் தண்ணி என்றுதான் சொல்வோம். ஆனால் நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில், வீட்டுப் படியை விட்டு இறங்கினால் தண்ணீர் எனக்கு வெள்ளம். தொட்டியைக் கவனிக்கும் பகுதிக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தேன். அக்கா கொப்பரைப் பகுதிக்கு வைத்தது வெல்லம். தமிழில் எழுதினால் ஒன்றோடொன்று முட்டவே முட்டாது. புரோகிராமுக்கு வேண்டிய ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன. அளவுமானி தருகிற எண் பெரிதாகிவிட்டால் தொட்டி நிறைந்துவிட்டது, சும்மா இரு என்பது என் வெள்ளம். எண் பெரிதாகிவிட்டால் கத்து என்பது அக்காவின் வெல்லம். முதலாளி தட்டிய கட்டளையில் என் கோப்பு முன்னால் இருந்தது. அக்கா தன் வெல்லத்தைக் கூப்பிட்ட இடத்திலெல்லாம் என் வெள்ளம் போய் உட்கார்ந்துவிட்டது.

மேசையில் அதே புரோகிராம் போட்ட இன்னொரு பெட்டி இருந்தது. அக்கா அதன் வெப்பமானியை டீக் கெட்டிலுக்குள் விட்டு, பெட்டி கத்த வேண்டிய அளவையும் வெந்நீருக்குத் தகுந்தபடி குறைத்துவைத்தார். தண்ணீர் கொதித்தது, மூடி தடதடவென்று ஆடியது, ஆவி எங்கள் முகத்தில் அடித்தது. பெட்டி வாயே திறக்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ராத்திரியே பெட்டியை மாட்டியிருப்பாங்க, இந்நேரம் அடுப்பு பத்த வச்சிருப்பாங்க" என்று அக்கா போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அப்பா சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டியிருப்பார், போன் அதற்குள் இருக்கும் என்றார். மறுபடி போட்டார். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைத் திருப்பினார். முதலாளியும் வந்து நின்றார். எத்தனை தடவை அடித்ததோ, கடைசியில் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"என்னம்மா, வேலை நேரத்துல?"

"அப்பா, எங்க நிக்கிறீங்க?"

"கொப்பரைகிட்டதான். வாசம் ஒரு மாதிரியா வருது, நெருப்பை இழுன்னு பசங்க சொல்றானுக. பெட்டி இன்னும் கூப்பிடலையேன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். எம் மக செஞ்சதுடா, அது சொல்லட்டும்னேன்."

"அப்பா, தள்ளிப் போங்க. எல்லாரும் வெளிய போங்கப்பா."

அதற்குப் பிறகு கேட்டதை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. யாரோ கத்தினார்கள், தகரம் உருண்டது, கொழகொழவென்று ஒரு சத்தம், பிறகு சீறல். அக்கா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பேசினார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா, வெளிய வந்துட்டோம். நான் நின்ன இடம் பூரா பாகு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா உன் பெட்டி இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா. நான் உள்ள போய்ப் பாக்கட்டா?"