குழாய்க்காரர் கையில் ஒரு பழைய லென்ஸ்

குழாய்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய சாமான் கடையில் குழாய் ஒழுகுகிறது என்று போனவர், கடைக்காரர் சும்மாவே தூக்கிக் கொடுத்த ஒரு பழைய லென்ஸோடு வீடு திரும்பினார். அவருடைய டிஜிட்டல் கேமராவில் அது நேராகப் பொருந்தாது. நடுவில் ஒரு வளையம் வேண்டும். அந்த வளையம் தபாலில் வந்து சேர்ந்த அன்று மனிதர் ஒரு குதி குதித்தார்.

"இங்க பாரு, இது நம்ம ரெடியூசர்! பெரிய பைப்பையும் சின்ன பைப்பையும் சேர்த்து வைக்கிற அதே சங்கதி!"

"வீட்ல இருக்கிற பைப்பு பத்தாதா?" என்றாள், தையல் மெஷினில் இருந்த மனைவி.

பத்தொன்பது வருடங்களாக அவர் எடுத்த எந்தப் படத்தைக் காட்டினாலும், "இது நான் இல்ல" என்று தள்ளிவிடுபவள் அவள். கேமராவைக் கண்டாலே முதுகு நிமிர்ந்து உதடு இறுகிவிடும். தானாக ஃபோகஸ் செய்யும் லென்ஸ் அந்த முகத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும். "இது நான்தான்" என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். குழாய்க்காரருக்கு வேறு பேராசையே கிடையாது.

பழைய லென்ஸில் எல்லாம் கைவேலை. ஃபோகஸுக்கு ஒரு வளையம். வெளிச்சம் வரும் வாயைத் திறந்து மூட இன்னொன்று. கேமராவும் எதையும் தானாகச் செய்யக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு நாள் அவர் கால் தரையில் பாவவில்லை. பொத்தான் டப்பா, கத்தரிக்கோல், பக்கத்து வீட்டுக்காரரின் காது என்று கண்டதையெல்லாம் படம் எடுத்துத் தள்ளினார். ஃபோகஸ் கூடிய இடத்தில் திரையில் சிவப்பாக மினுக்கும். "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கூவுவார். படம் என்னவோ கரிச்சட்டியாகத்தான் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை மனைவி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் நான் இல்லன்னா இந்த லென்ஸ் பரணுக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

குழாய்க்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருகினார். திரையில் அவள் கண்ணோரத்தில் சிவப்பு மினுக்கியது. இடது கை நைசாக அடுத்த வளையத்துக்கு நகர்ந்தது.

"கையை எடுங்க! எதுக்கு அதை மூடறீங்க?"

"நானா? எதை?"

குனிந்து பார்த்தார். முப்பது வருடம் குழாய் திருகிய கை. வேலை முடிந்ததும் வால்வை இறுக்கி மூடாமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. ஃபோகஸ் கிடைத்த மறுகணமே வெளிச்சம் ஒரு சொட்டு ஒழுகாமல் அடைத்துவிட்டுத்தான் இத்தனை படங்களையும் எடுத்திருக்கிறது. அவருக்கு வந்த சிரிப்பில் ஃபோகஸும் போயிற்று.

மறுபடி திறந்தார். மறுபடி திருகினார். நாக்கு ஒரு பக்கம் துருத்திக்கொண்டது. குறும்பு செய்யும் இடது கைக்கு வலது கை ஒரு அடி போட்டது. நிமிர்ந்திருந்து நிமிர்ந்திருந்து அவள் முதுகு அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தது. அவர் படும் பாட்டைப் பார்த்து உதடு தானாகத் தளர்ந்தது, கண் சிரித்தது. கிளிக்.

அவள் கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது நான்தான்," என்றாள். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "உங்களை நான் இப்படியா பாக்கறேன்?"

"பத்தொன்பது வருஷமா," என்றார் அவர்.